சாப் 900: வாங்கும் முன் எங்கே குனிந்து பார்ப்பது, வாங்கிய பின் கிளட்சை எப்படி மாற்றுவது

பழைய சாப் 900 விற்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினைத்தான் புகழ்வார்கள். சாவியைத் திருப்பிய உடனே பிடித்துக்கொள்ளும், டர்போ முள் சிவப்பைத் தொடும், புகை இல்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் காரில் எஞ்சின் பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்ட எஞ்சின் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருப்பது இங்கே பெரிய செய்தி அல்ல. 900-ஐக் கொல்பவை இரண்டு: துரு, கியர்பாக்ஸ். எஞ்சினை மன்னித்து இவை இரண்டையும் சல்லடை போட்டுப் பார்ப்பவர் நல்ல காரோடு வீடு திரும்புவார்.

எந்த 900 என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1978-ல் அறிமுகமாகி 1993 வரை (மேற்கூரை திறக்கும் கன்வர்ட்டிபிள் மட்டும் 1994 வரை) வந்த பழைய உருவத்தைப் பற்றியே இந்த வழிகாட்டி. ஸ்வீடனின் ட்ரோல்ஹேட்டனிலும் பின்லாந்தின் உசிகவுபுங்கியிலும் 9 லட்சத்துக்கும் அதிகமாகக் கட்டப்பட்ட கார் இது. ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளே வந்த பிறகு அதே 900 பெயரில் வந்த கார் ஓப்பல் வெக்ட்ராவின் அடித்தளத்தில் அமைந்தது. பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டு உறவு குறைவு, உதிரி பாகங்களும் பொருந்தாது. விளம்பரத்தில் ஆண்டு எழுதாமல் '900' என்று மட்டும் இருந்தால் முன்கண்ணாடியைப் பாருங்கள். செங்குத்தாக, வில் போல வளைந்து, பக்கவாட்டில் சுற்றி வந்தால் அது பழைய 900.

தலைகீழ் எஞ்சின்

காரின் பழுதுகளெல்லாம் அதன் அமைப்பிலிருந்தே பிறக்கின்றன என்பதால் அதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம். 900-ன் முன்பாதி ஏறக்குறைய சாப்பின் முந்தைய காரான 99 மாடலுடையது. அந்த 99-க்கு முதலில் போட்டது பிரிட்டனின் ட்ரையம்ப் நிறுவனத்தோடு சேர்ந்து வந்த நான்கு சிலிண்டர் எஞ்சின். 45 டிகிரி சாய்ந்து, நீளவாக்கில், ஆனால் முன்பின் மாறி உட்கார்ந்திருக்கும். அதாவது கிளட்ச் ரேடியேட்டரை நோக்கி இருக்கும், டைமிங் செயின் ஓட்டுநரின் காலை நோக்கி, நெருப்புச் சுவர் பக்கம் இருக்கும். கியர்பாக்ஸ் எஞ்சினுக்குப் பின்னால் இல்லை, அடியில் இருக்கிறது. கிளட்சிலிருந்து ஒரு தண்டு முன்னோக்கி வந்து, அங்கே ஒரு செயின் பெட்டி வழியாகச் சக்தி கீழே இறங்கி, கியர்பாக்ஸுக்குள் பின்னோக்கிப் போய் முன்சக்கரங்களைச் சுற்றுகிறது.

பலன் இரண்டு பக்கமும் உண்டு. மற்ற கார்களில் கியர்பாக்ஸை இறக்கினால்தான் கிடைக்கும் கிளட்ச், இங்கே பானெட்டைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. பதிலுக்கு, கியர்பாக்ஸில் ஒரு பேரிங் போனாலும் எஞ்சினோடு சேர்த்துத் தூக்கி, மேசையில் வைத்துப் பிரித்தால்தான் வேலை நடக்கும். கிளட்ச் மலிவு, கியர்பாக்ஸ் விலை என்ற கணக்கு இங்கிருந்து வருகிறது.

எஞ்சினில் இரண்டு தலைமுறை உண்டு. 1981 மாடல் முதல் வந்த எச் வகையே தேட வேண்டியது. 1984-ல் வந்த 16 வால்வு டர்போ இன்டர்கூலரோடு 175 குதிரைத்திறன் தந்தது, அதற்கு முந்தைய 8 வால்வு டர்போ 145. டர்போ இல்லாத 8 வால்வு இன்ஜெக்ஷன் (எரிபொருளைப் பீய்ச்சும்) எஞ்சின் மந்தம்தான், ஆனால் கியர்பாக்ஸை அது கொல்லாது. தினமும் ஓட்டப் போகிறவருக்கு அதுவே புத்திசாலித்தனமான தேர்வு என்பது எங்கள் எண்ணம். டர்போ பைத்தியம் பிடித்தவருக்கு இதைச் சொல்லிப் பயனில்லை, அதுவும் தெரியும்.

வாங்கும் முன்: டார்ச்சும் முழங்காலும்

காரை மழைநாளில் பார்க்க வேண்டாம், கழுவிய உடனேயும் வேண்டாம். ஈரம் பட்டி போட்ட இடத்தையும் புதுப் பெயின்ட்டையும் மறைக்கும். கையில் டார்ச், சிறு காந்தம், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், முழங்காலுக்கு ஒரு பாய்.

முதலில் போக வேண்டிய இடம் டிரைவ்ஷாஃப்ட் சுரங்கம். எஞ்சினின் இருபுறமும் டிரைவ்ஷாஃப்ட்டுகள் சக்கரத்துக்குப் போகும் வழியில், உள் மட்கார்டு தகடு ஒரு வளைவாக அவற்றின் மேல் கவிந்திருக்கும். முன்சக்கரம் வாரி வீசும் சேறும், குளிர்நாட்டுச் சாலை உப்பும் அந்த வளைவின் மேல் விளிம்பில் ஒட்டி, ஆண்டுக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தகடு நல்லதாகத் தெரியும், துரு அடியிலிருந்து வருவதால். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அழுகியது பொத்தென்று சொல்லும். இந்தப் பகுதிதான் முன் சஸ்பென்ஷனின் சுமையைத் தாங்குகிறது. இங்கே ஓட்டை இருந்தால் எஞ்சினை வெளியே எடுத்து வெல்டிங் செய்தாக வேண்டும். விலையைக் குறைத்துப் பேசுவதைவிட நடையைக் கட்டுவது மேல்.

அடுத்தது கதவுகளின் அடிவிளிம்பு. கதவைத் திறந்து, தகடு மடங்கும் இடத்தில் விரலை ஓட்டினால் உப்பல் தெரியும். இது அசிங்கம், ஆபத்து இல்லை. பின் சக்கர வளைவின் உதடு, பின்கதவின் கீழ் விளிம்பு, டிக்கியில் உதிரிச் சக்கரம் கிடக்கும் குழி, பின் ஷாக் அப்சார்பர் மேலே பிடிக்கும் இடம் ஆகியவற்றையும் வரிசையாகப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. பேட்டரித் தட்டின் கீழ் அமிலம் தின்ற ஓட்டை சகஜம். அது தனியாக ஒரு நாள் டிங்கர் வேலை.

முன் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். இனிப்பான வாடை வந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை, கூலண்ட். டேஷ்போர்டின் உள்ளே இருக்கும் ஹீட்டர் வால்வு கசிகிறது என்று பொருள். இந்தக் காரின் பிறவிக் குறைகளில் அதுவும் ஒன்று. வால்வு மலிவு, அதை எட்டுவதுதான் தண்டனை. வாடையில்லாத ஈரமென்றால் சன்ரூஃபின் வடிகால் குழாய்களோ, முன்கண்ணாடியின் அடியில் உள்ள வடிகாலோ அடைத்திருக்கும்.

கியர்பாக்ஸை ஓட்டித்தான் அறிய முடியும். குறைந்தது 20 நிமிடம் ஓட்டுங்கள், ஆயில் சூடாகாமல் பழுது பேசாது. செய்ய வேண்டியவை இவை. ஒவ்வொரு கியரிலும் முடுக்கி, திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள். கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்தால் அந்தப் பெட்டிக்கு நாள் எண்ணப்படுகிறது. ரிவர்ஸில் சிறு மேட்டில் பின்னால் ஏற்றிப் பாருங்கள், முதலில் நழுவுவது பெரும்பாலும் ரிவர்ஸ்தான். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரத்தால் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) தேய்ந்தது. முதல் கியரில் மெலிதான 'ங்ங்' ஓசை இயல்பு. மேல் கியர்களில், இழுக்கும்போது ஒரு குரலிலும் விடும்போது வேறு குரலிலும் உறுமல் வந்தால் பினியன் பேரிங் போயிருக்கிறது. பேரிங் விளையாட ஆரம்பித்ததும் பற்களின் பொருத்தம் கெட்டு, விழும் உலோகத்துகள் மற்ற பேரிங்குகளையும் தின்னும். 175 குதிரையை இந்தப் பெட்டி தாங்குவதே பெரிய காரியம். எஞ்சின் சிப் மாற்றி பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற்றிய காரென்று விற்பவர் பெருமைப்பட்டால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வேக ஆட்டோமேட்டிக் போர்க்-வார்னர் கொண்ட காரும் கிடைக்கும். நழுவல் தொல்லை இல்லை, வேகமும் இல்லை. அதில் கியர்பாக்ஸுக்கும் ஃபைனல் டிரைவுக்கும் தனித்தனி ஆயில். இதை அறியாமல் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு இன்னொன்றை வறட்சியில் ஓட்டிக் கெடுத்தவர்கள் உண்டு. கியர்பாக்ஸுக்கு ஃபோர்டு டைப் எஃப் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவம்) மட்டுமே.

எஞ்சினுக்கு வருவோம். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் 'நாளை வருகிறேன்' என்று சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று விநாடி பின்பக்கம் செயின் கலகலப்பது ஆயில் ஏறும் வரையிலான ஓசை. அதற்கு மேலும் நீடித்தால் செயின் நீண்டுவிட்டது அல்லது டென்ஷனர் தளர்ந்தது. எஞ்சினை இறக்காமலேயே, பழைய செயினை ஓரிடத்தில் வெட்டி, புதியதன் முனையை அதில் கோத்து, எஞ்சினை மெல்லச் சுற்றிப் புதுச் செயினை உள்ளே இழுத்துவிடும் முறை உண்டு. ஆனால் வழிப்பட்டைகள் தேய்ந்திருந்தால் அதனால் பயனில்லை. டர்போ காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் 'டிக் டிக்' என்று தட்டி, சூடானதும் அடங்கும் ஓசை அதன் அடையாளம்.

டர்போ கடிகாரத்தில் எண்கள் கிடையாது, வண்ணப் பட்டைகள்தான். மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தால் முள் சிவப்பின் விளிம்பு வரை வர வேண்டும். பாதியிலேயே நின்றால் டர்போ செத்தது என்று விற்பவர் தலையில் கைவைக்கலாம், விலையும் இறங்கலாம். உண்மையில் பெரும்பாலும் அது ஏபிசி என்னும் பூஸ்ட் கட்டுப்பாட்டு அமைப்பின் கோளாறு. சாப் பொறியாளர் பெர் கில்பிராண்டின் குழு உருவாக்கி 1982 மாடலில் வந்த இந்த அமைப்பு, எஞ்சினில் தட்டல் வருகிறதா என்று ஒரு சென்சாரால் கேட்டு, சிறு சோலனாய்டு வால்வால் பூஸ்ட்டை ஏற்றி இறக்குகிறது. சோலனாய்டின் கம்பி கழன்றாலோ, அதன் மூன்று ரப்பர் குழாய்களில் ஒன்று வெடித்தாலோ பூஸ்ட் அடிப்படை அளவான சுமார் 0.35 பாரிலேயே நின்றுவிடும். குழாய் விலை ஒரு வேளைச் சாப்பாடு.

ஏபிஎஸ் உள்ள காரில் (1990 மாடல் முதல்) ஒரு சோதனை. சாவியை அணைத்து, பிரேக் பெடலை 20 முறை மிதித்து அழுத்தத்தைக் காலி செய்யுங்கள். சாவியைப் போட்டதும் மின்பம்ப் ஓடி ஒரு நிமிடத்துக்குள் நிற்க வேண்டும், எச்சரிக்கை விளக்குகள் அணைய வேண்டும். நிற்காமல் ஓடினாலோ, ஒவ்வொரு மிதிக்கும் மறுபடி ஓடினாலோ அக்யூமுலேட்டர் என்னும், அழுத்தத்தைச் சேமிக்கும் உருண்டை போயிருக்கிறது. பம்பும் சேர்ந்து போனால் செலவு காரின் விலையைத் தொடும்.

முதல் வாரத்தில்

வாங்கியாயிற்று. விற்றவர் எத்தனை ரசீது காட்டினாலும் எல்லா திரவங்களையும் மாற்றுங்கள்.

எஞ்சின் ஆயில் ஃபில்டரோடு சேர்த்து சுமார் 4 லிட்டர், 10டபிள்யூ-40 போதும். டர்போ என்றால் 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை. தண்ணீரால் குளிர்விக்கப்படாத பழைய டர்போக்களில், வேகமாக ஓட்டி வந்து உடனே அணைத்தால் பேரிங்கில் நிற்கும் ஆயில் கரியாகிவிடும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலை அவசரப்படாமல் வடியுங்கள், இதுவே உண்மையான பரிசோதனை. ஐந்து கியர் பெட்டிக்கு 3 லிட்டர், பழைய நான்கு கியருக்கு 2.5. வடிகால் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் நிம்மதி. விரலில் குத்தும் செதிலோ, பல்லின் நுனியோ இருந்தால் வேறு பெட்டி தேட ஆரம்பிக்கலாம். இந்தப் பெட்டி மெல்லிய ஆயிலைக் கேட்கிறது, சாப் தானே 10டபிள்யூ-30 எஞ்சின் ஆயிலை இதற்குப் பரிந்துரைத்திருக்கிறது. கியர்பாக்ஸ்தானே என்று 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஊற்றுவது பரவலான தவறு. கெட்டியான ஆயிலில் குளிர்காலக் காலையில் கியர் விழாது, ஜிஎல்-5-ன் சேர்க்கைப் பொருட்கள் பித்தளை சிங்க்ரோக்களை அரிக்கலாம்.

கூலண்ட் 10 லிட்டர், பாதி ஆண்டிஃப்ரீஸ், பாதி வாலைவடிநீர். நிரப்பும்போது தெர்மோஸ்டாட் மூடியில் உள்ள சிறு திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் தலைப்பகுதியில் காற்று தங்கி, முள் மத்தியில் நிற்கும்போதே ஒரு மூலை வெந்துகொண்டிருக்கும். டர்போக்களில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளுக்கிடையில் வெடிப்பு வருவது இப்படிப்பட்ட சூட்டில்தான்.

16 வால்வு டர்போவுக்கு ஸ்பார்க் பிளக் என்ஜிகே பிசிபிஆர்7இஎஸ், டர்போ இல்லாததற்கு ஒரு படி சூடான பிசிபிஆர்6இஎஸ். இடைவெளி 0.6 முதல் 0.7 மிமீ. வாக்குவம் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி, சிலிக்கான் குழாய்களாக மாற்றுங்கள். ஐடில் ஏறி இறங்கி ஆடும் கார்களில் பாதி இதிலேயே குணமாகும். மீதிப் பாதிக்கு ஐடில் வால்வைக் கழற்றி கார்புரேட்டர் க்ளீனரால் கழுவ வேண்டும்.

1987 வரையிலான கார்களில் ஹேண்ட்பிரேக் முன்சக்கரங்களைப் பிடிக்கும், 1988 மாடலில்தான் பின்சக்கரத்துக்குப் போனது. இதை அறியாத மெக்கானிக் பேட் மாற்றும்போது முன் கேலிப்பரின் பிஸ்டனை சி-கிளாம்ப்பால் நெருக்கித் தள்ளுவார். அது திருகி உள்ளே போக வேண்டிய பிஸ்டன், தள்ளினால் உள்ளிருக்கும் தானியங்கிச் சரிசெய்வான் உடையும். கேலிப்பரையே மாற்ற வேண்டிவரும். வேறு ஆண்டின் சக்கரங்களை வாங்கும்போதும் இந்த 1988 எல்லை நினைவிருக்கட்டும். அதற்கு முன் போல்ட் வட்டம் 114.3 மிமீ, பிறகு 108.

கிளட்ச்: ஒரு சனிக்கிழமை வேலை

பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொடுவது, கியர் விழ மறுப்பது, கிளட்ச் உறையின் அடியில் ஆயில் சொட்டுவது ஆகியவை மூன்று வெவ்வேறு நோய்கள். முதலாவது பெரும்பாலும் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது பெடலின் திரவ அழுத்தத்தால் கிளட்சை விலக்கும் பாகம். கிளட்ச் தண்டைச் சுற்றி, ரிலீஸ் பேரிங்குக்குப் பின்னாலேயே அது உட்கார்ந்திருப்பதால், அதை மட்டும் மாற்றவும் கிளட்ச் முழுவதையும் எடுக்க வேண்டும். எனவே உள்ளே போகும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதே சரி.

வாங்கி வைக்க வேண்டியவை: பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஸ்லேவ் சிலிண்டர், கிராங்க் நுனியின் பைலட் பேரிங், கிளட்ச் தண்டின் சீல், முன்மூடியின் ஓ-ரிங், 1 லிட்டர் டாட் 4 பிரேக் திரவம். இவற்றோடு ஒரு தனிக்கருவி: பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தகடான டயாஃப்ரத்தின் விரல்களை அமுங்கிய நிலையில் பிடித்து நிறுத்தும் பிளவுபட்ட எஃகு வளையம். இது இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். கிளட்சும் ஸ்லேவும் உள்ள இடம் விரல் தடிமனுக்குக் கூடத் தாராளம் இல்லாதது. விரல்கள் அமுங்கியிருந்தால்தான் மொத்தத் தொகுதியும் மெலிந்து மேலே வரும்.

1. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இந்தக் காரின் பானெட் முன்னோக்கி நகர்ந்து மூக்குப் பக்கம் கவிழ்ந்து திறப்பது. வேலை நடக்கும் இடமும் அந்த மூக்குதான். இருவர் சேர்ந்து அதைக் கழற்றி வைத்தால் முதுகு தப்பும். ஸ்பார்க் பிளக்குகளையும் இப்போதே கழற்றிவிடுங்கள், எஞ்சினைக் கையால் சுற்ற வேண்டியிருக்கும்.

2. கிளட்சின் மேலுள்ள மூடியையும் வழியில் குறுக்கிடும் காற்றுக் குழாய்களையும் எடுங்கள். டர்போவின் திறந்த வாயைச் சுத்தமான துணியால் அடைக்க மறக்க வேண்டாம். ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும் டர்போ முடிந்தது.

3. ஒருவர் கிளட்ச் பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்க, மற்றவர் வளையத்தை டயாஃப்ரம் விரல்களுக்கும் பிரஷர் பிளேட்டின் உறைக்கும் நடுவில் செருகுங்கள். பெடலை விட்டதும் வளையம் இறுகி நிற்கும். ஸ்லேவ் முழுதாகச் செத்திருந்தால் பெடல் உதவாது. திரவம் நிரப்பிக் காற்றெடுத்து ஒரே ஒரு மிதி கிடைக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் நீள லீவரால் விரல்களைச் சிறிது சிறிதாக அழுத்தி வளையத்தைச் சுற்றி நுழைக்க வேண்டியிருக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

4. முன்னாலிருக்கும் செயின் பெட்டியின் முகத்தில், கிளட்ச் தண்டுக்கு நேராக உள்ள சிறு மூடியின் சர்க்ளிப்பை எடுத்து மூடியைக் கழற்றுங்கள். கொஞ்சம் ஆயில் வடியும், கீழே தட்டு வையுங்கள். உள்ளே தண்டின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் விசிறி இருக்கும். வயதான பிளாஸ்டிக், வலிய இழுத்தால் நொறுங்கும். அதை எடுத்த பின், தண்டின் நுனியில் உள்ள மரையில் எம்8 போல்ட்டை ஏற்றி, ஸ்லைடு ஹேமரால் தண்டை முன்னோக்கி இழுங்கள். கிளட்ச் பிளேட்டை விட்டு விலகினால் போதும்.

5. ஸ்லேவ் சிலிண்டரைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகளைக் கழற்றுங்கள். திரவக் குழாயைப் பிரித்து நுனியை மூடுங்கள், சொட்டும் பிரேக் திரவம் பெயின்ட்டை உரிக்கும்.

6. பிரஷர் பிளேட்டை ஃப்ளைவீலில் பிடிக்கும் ஆறு போல்ட்டுகளை, ஒவ்வொன்றாகத் தளர்த்திவிடாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். தண்டு வெளியே வந்துவிட்டதால் கியரில் போட்டு வண்டியைத் தள்ளினாலும் எஞ்சின் சுற்றாது. ஃப்ளைவீலின் பற்களில் பெரிய ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பியே அடுத்த போல்ட்டை மேலே கொண்டுவர வேண்டும். கழன்ற போல்ட்டை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், உறைக்குள் விழுந்தால் காந்தக் குச்சியோடு ஒரு மணி நேரம் போகும்.

7. ஸ்லேவ், பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் மூன்றையும் ஒரு கட்டாகச் சேர்த்து மேலே தூக்குங்கள். பிளேட்டின் எந்த முகம் ஃப்ளைவீலைப் பார்த்திருந்தது என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பழைய பாகங்கள் சொல்வதைக் கேளுங்கள். பிளேட் ஆயிலில் ஊறியிருந்தால் குற்றவாளி தண்டின் சீலா, கிராங்க்கின் சீலா என்று பார்த்து மாற்றாமல் புதிய பிளேட்டைப் போட்டுப் பயனில்லை. முன்பக்கம் ஈரமென்றால் தண்டின் சீல், ஃப்ளைவீலுக்குப் பின்னாலிருந்து வழிந்தால் கிராங்க். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளும் நகம் சிக்கும் வெடிப்புகளும் இருந்தால் கழற்றி லேத்தில் கொடுங்கள். பைலட் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், சொரசொரத்தால் மாற்றுங்கள்.

8. புதிய பிரஷர் பிளேட்டின் விரல்களை பிரஸ்ஸில் அமுக்கி, வளையத்தை அதில் மாட்டுங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் பொருத்திய ஸ்லேவ் மூன்றையும் மறுபடி ஒரே கட்டாக இறக்குங்கள். தண்டின் பள்ளங்களில் மெலிதாக கிரீஸ் தடவி உள்ளே தள்ளுங்கள். பள்ளம் சேராமல் முட்டினால் சுத்தியலை எடுக்காதீர்கள், பிளேட்டைச் சற்றே சுழற்றினால் தானாக வழுக்கிப் போகும். தண்டு பைலட் பேரிங்குக்குள் முழுக்க உட்கார்ந்த பிறகே ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக இறுக்குங்கள், பிறகு ஸ்லேவின் மூன்று. விசிறி, புதிய ஓ-ரிங்கோடு மூடி, சர்க்ளிப்.

9. எல்லாம் இறுகிய பிறகுதான் பெடலைத் தொடலாம். எதிரே தாங்க எதுவுமில்லாமல் மிதித்தால் ஸ்லேவின் பிஸ்டன் வெளியே துள்ளிவிடும், புதுச் சீல் கிழியும்.

10. காற்றெடுப்பதுதான் பலரும் நொந்துபோகும் இடம். பெடலை அடித்து அடித்து எடுத்தால் காற்று மேலும் கீழும் அலையுமே தவிர வெளியே வராது. திரவத் தொட்டியின் வாயில் பொருந்தும் மூடி வழியாக, கூலிங் சிஸ்டம் சோதிக்கும் கைப்பம்பால் அரை பார் அழுத்தம் கொடுத்து, ஸ்லேவின் நிப்பிளைத் திறந்து, குமிழி நிற்கும் வரை விடுங்கள். தொட்டி காலியாகவிடக் கூடாது, அதே தொட்டிதான் பிரேக்குக்கும். பெடல் உறுதியானதும் மிதித்துப் பிடித்து வளையத்தை வெளியே எடுங்கள். அதை உள்ளே மறந்துவிட்டு மூடியைப் போட்டவர்களின் கார் நகரவே இல்லை.

புதிய ஸ்லேவ் போட்ட சில மாதங்களில் பழைய மாஸ்டர் சிலிண்டர் கசியத் தொடங்குவது வழக்கம். பெடலுக்கு மேல் கார்ப்பெட் ஓரத்தில் ஈரம் தெரிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

பழகிய கை இதை மூன்று மணி நேரத்தில் முடிக்கும். முதல்முறை என்றால் முழு நாளை ஒதுக்குங்கள்.

உள்ளே, கண்ணில் படுபவை

கூரைத்துணி தொங்காத 900-ஐப் பார்ப்பது அரிது. துணியின் பின்னாலுள்ள நுரை வயதில் பொடியாகிறது, ஆணி அடித்தும் பசை ஊசி போட்டும் பயனில்லை. கூரைப் பலகையை முழுதாகக் கழற்றி, ஹேட்ச்பேக்கில் பின்கதவு வழியாக எடுத்து, பழைய நுரையை முகமூடி அணிந்து தூரிகையால் ஒரு பொட்டு விடாமல் தேய்த்து நீக்குங்கள். மிச்சமிருந்தால் புதுத் துணியும் அங்கேயே உரியும். நுரை ஒட்டிய புதுத்துணி சுமார் 2 மீட்டர், சூடு தாங்கும் ஸ்ப்ரே பசை இரண்டு டின். சாதாரணப் பசை முதல் கோடை வெயிலில் விட்டுவிடும்.

எரிபொருள் பம்ப் டாங்க்கினுள் இருக்கிறது. அதற்காக டாங்க்கை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம், டிக்கித் தரையின் கார்ப்பெட்டுக்கு அடியில் மூடி ஒன்று இருப்பதைக் காட்டுங்கள். ஓடோமீட்டர் நின்றுபோயிருப்பதும் சகஜமே, எனவே கிலோமீட்டர் எண்ணை நம்பி விலை பேச வேண்டாம்.

பாகங்கள் கிடைக்குமா? சாப் ஆட்டோமொபைல் 2011 டிசம்பரில் திவாலானது, ஆனால் அதன் உதிரிபாகப் பிரிவு ஸ்வீடனில் ஓரியோ என்ற பெயரில் தொடர்ந்தது. ஜெர்மனியின் ஸ்கான்டிக்ஸ் போன்ற கடைகளும் பிரேக், சஸ்பென்ஷன், சீல், குழாய் எல்லாம் வைத்திருக்கின்றன. தேய்ந்து மாற்றும் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. கிடைக்காதவை வேறு: வெடிக்காத டேஷ்போர்டு மேல்தகடு, வெல்வெட் இருக்கைத் துணி, நல்ல கியர்பாக்ஸ் பற்சக்கரங்கள், ஏபிஎஸ் தொகுதி. இவை உடைந்த காரைப் பிரிக்கும்போதுதான் வெளிவரும். எனவே ஸ்வீடனின் சாப் கிளப்பிலோ, பிரிட்டனின் உரிமையாளர் சங்கத்திலோ கார் வாங்குவதற்கு முன்பே சேருங்கள், பின்பு அல்ல. நல்ல கியர்பாக்ஸ் விளம்பரத்துக்கு வருமுன் அங்கே கைமாறிவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கை யாருடையது என்பதும் அங்கேதான் தெரியவரும்.

கடைசியாக, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, கியர் கம்பியின் பின்னால் இருக்கும் சாவித்துளை. ரிவர்ஸில் போட்டால்தான் சாவி வெளியே வரும், அப்போது கியர்பாக்ஸே பூட்டப்பட்டுவிடும். துளை மேலே பார்த்துத் திறந்திருப்பதால் சிந்தும் காபியும் பிஸ்கட் தூளும் நேரே உள்ளே இறங்கி, சுவிட்சின் தொடுமுனைகளைக் கெடுக்கும். சாவி திரும்ப மறுத்தால் ஆயில் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்துக் களிம்பாக்கும். காண்டாக்ட் க்ளீனரை அடித்து, சாவியை இருபது முறை உள்ளே வெளியே விட்டு, பிறகு கிராஃபைட் தூள். சாவி வெளியே வரவில்லை என்றால் பூட்டைக் குறை சொல்லுமுன் கியர் இணைப்புக் கம்பியைப் பாருங்கள். அது சற்றே தளர்ந்து, கம்பி ரிவர்ஸுக்குப் போனதுபோல் தெரிந்தும் பூட்டுக்கு எட்டாமல் நின்றிருக்கும்.